நாடி சொல்வதும் சமன்பாடு சொல்வதும்

ஒருவருடைய உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த வல்லது என்பதைத்தான் உடலியங்கியல் அவருடைய மூச்சுத் திறனின் அளவாகக் கொள்கிறது. விளையாட்டு உலகில் இதை விஓ2 மேக்ஸ் என்பார்கள். இங்கே உச்ச ஆக்சிஜன் அளவு என்று சொல்லிக்கொள்கிறேன். இதை நேரடியாக அளக்க டிரெட்மில் வேண்டும், மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி வேண்டும், வெளிவரும் மூச்சைப் பகுத்துப் பார்க்கும் கருவி வேண்டும், பக்கத்தில் மருத்துவர் நிற்க வேண்டும். வேகத்தையும் சரிவையும் கூட்டிக்கொண்டே போய், ஓடுபவர் இனி முடியாது என்று கையைக் காட்டும்போது சோதனை முடிகிறது. பெருநகரத்து விளையாட்டு மருத்துவ மையங்களில் இது நடக்கும். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் நடக்காது. கருவியைக் கொண்டுவந்து இறக்கினாலும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஐம்பது வயதுப் பெண்ணை மூச்சு முட்டும் வரை ஓடவிடுவதில் நியாயம் இல்லை.

அதனால்தான் உச்சம் தொடாத சோதனைகள் பிறந்தன. பாதி வழி வரை உழைக்கவைத்து, நாடியை எண்ணி, அங்கிருந்து உச்சத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வது இவற்றின் வேலை. படியேறுவது, நிறுத்திவைத்த சைக்கிளை மிதிப்பது, ஒரு மைல் நடப்பது, ஆறு நிமிடம் நடப்பது என்று பல வகை உண்டு. எது சிறந்தது என்று ஒப்பிடும் ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் அவை கல்லூரி மாணவர்களை வைத்து, குளிரூட்டிய அறையில் நடந்தவை. அவற்றைக் கூரம் போன்ற ஓர் ஊரில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

கூரம் வைணவர்களுக்குக் கூரத்தாழ்வார் பிறந்த ஊர். வரலாற்று மாணவர்களுக்கு, ஏழாம் நூற்றாண்டின் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனுடைய செப்பேடு கிடைத்த ஊர். பாலாற்றிலிருந்து வெட்டிய கால்வாயையும் அது நிரப்பிய தடாகத்தையும் அந்தச் செப்பேடு சொல்கிறது. ஏரி, வயல், வரப்பு, ஓட்டு வீடு, திண்ணை என்று அமைந்த வட மாவட்டத்து ஊர்களில் ஒன்று. இங்கே யாருடைய மூச்சுத் திறனை யார் அறிய வேண்டும் என்று கேட்டால் பதில் ஒன்றல்ல. காவலர் தேர்வுக்கு விடியற்காலையில் ஓடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆண்களுக்கான 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிக் காட்டினால் போதும், அவர்களுக்கு நம் சோதனை தேவையில்லை. வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரிடம் மாத்திரை வாங்கும் சர்க்கரை, இரத்த அழுத்தக்காரர்கள் இருக்கிறார்கள். வெயிலில் நடவு நடுபவர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பிந்தைய இரு கூட்டத்தாருக்குத்தான் இது அதிகம் பயன்படும். 1989இல் ஸ்டீவன் பிளேரும் உடன் ஆய்வாளர்களும் டல்லாஸ் கூப்பர் நிறுவனத்திலிருந்து வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, மூச்சுத் திறன் குறைந்தவர்கள் முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது திரும்பத் திரும்ப உறுதிப்பட்டிருக்கிறது. 2016இல் அமெரிக்க இதயச் சங்கம் நாடி, இரத்த அழுத்தம்போல இதையும் மருத்துவர் அறையில் பார்க்க வேண்டிய ஒன்று என்றே அறிவித்தது.

கணக்கின் அடிப்படை எளிது. உழைப்பு கூடக் கூட ஆக்சிஜன் தேவை கூடும், நாடியும் கூடும். ஏறத்தாழ 110க்கும் 150க்கும் இடைப்பட்ட நாடியில் இரண்டும் ஒரே நேர்கோட்டில் ஏறுகின்றன. கோட்டின் இரண்டு மூன்று புள்ளிகள் கிடைத்தால் மீதியை நீட்டிக்கொள்ளலாம். எதுவரை நீட்டுவது? அந்த வயதுக்குரிய உச்ச நாடி வரை. அந்த உச்ச நாடி எங்கிருந்து வருகிறது? 220இலிருந்து வயதைக் கழித்து.

இந்த 220 உலகத்தின் எல்லா ஜிம் சுவர்களிலும் ஒட்டியிருக்கிறது. ஆனால் அதற்கென்று யாரும் தனியாக ஆய்வு செய்து கண்டதில்லை. 1971இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் மூவரும் எழுதிய கட்டுரையில், கையில் கிடைத்த சில தரவுகளின் நடுவே கண்ணளவில் போட்ட கோடு அது. 2002இல் ராபர்க்ஸ், லாண்ட்வேர் இருவரும் அதன் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்த்து இதை எழுதினார்கள். 2001இல் தனாகா குழுவினர் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். ஐம்பது வயதில் இரண்டுக்கும் அதிக வேறுபாடு இல்லை: 170, 173. அறுபத்தைந்தில் 155, 162 என்று விலகுகின்றன. எந்தச் சூத்திரமானாலும் ஒரே வயதுக்காரர்களிடையே உச்ச நாடி பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியும் அப்படியும் சிதறிக் கிடக்கிறது. சூத்திரத்தைத் திருத்தி இந்தச் சிதறலைப் போக்க முடியாது, அது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு.

இந்தச் சிதறல் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். இங்கிலாந்தில் கெவின் சைக்ஸ் வடிவமைத்த செஸ்டர் படிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 15 முதல் 30 செ.மீ. வரை உயரமுள்ள ஒரு படி. நிமிடத்துக்கு 15 தடவை ஏறி இறங்குவதில் தொடங்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து தடவை கூட்டிக்கொண்டே போவார்கள். கணித்த உச்ச நாடியில் 80 விழுக்காட்டை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். கூரத்துப் பெண்ணுக்கு வயது 50, படி 20 செ.மீ. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் படியேற்றச் சமன்பாட்டின்படி முதல் கட்டத்துக்கு உடலெடையில் கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்கு 13.7 மி.லி. ஆக்சிஜன் தேவை, மூன்றாம் கட்டத்துக்கு 20.5. முதல் கட்டத்தில் அவர் நாடி 110, மூன்றாம் கட்டத்தில் 135 என்று வைத்துக்கொள்வோம். உச்ச நாடி 170 என்று கொண்டு கோட்டை நீட்டினால் 30 மி.லி. வருகிறது. அவருடைய உண்மையான உச்ச நாடி 158 ஆக இருந்தால் சரியான விடை 27. அது 182 ஆக இருந்தால் 33. படியில் ஏறிய கால் அதேதான், எண்ணிய நாடியும் அதேதான். அட்டவணையில் 27 ஒரு தட்டில் விழும், 33 வேறொரு தட்டில் விழும்.

ஒப்பீட்டு ஆய்வுகளில் 'நேரடி அளவோடு நல்ல ஒத்திசைவு' என்று படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். ஒத்திசைவு கூட்டத்தின் சராசரிக்குப் பொருந்தும். கூட்டத்தில் ஒருவருக்கு மேலே போன பிழையும் இன்னொருவருக்குக் கீழே போன பிழையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். தனி ஆளுக்கு அந்தக் கழிவு கிடையாது. படி, சைக்கிள் சோதனைகளில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு பிழை சாதாரணம்.

இனி சோதனைகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் மூத்ததாக நம் உடற்கல்விப் பாடநூல்களில் இருப்பது ஹார்வர்டு படிச் சோதனை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சோர்வு ஆய்வகத்தில் லூசியன் புரூஹா உள்ளிட்டோர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உருவாக்கி 1943இல் வெளியிட்டது. 50.8 செ.மீ. பெஞ்சு, நிமிடத்துக்கு 30 ஏற்றம், 5 நிமிடம். முடித்ததும் உட்காரவைத்து முதல் நிமிடம் கழிந்து, இரண்டாவது கழிந்து, மூன்றாவது கழிந்து அரை அரை நிமிடம் நாடி எண்ண வேண்டும். ஏறிய விநாடிகளை நூறால் பெருக்கி, நாடிகளின் கூட்டுத்தொகையை இரட்டித்து வகுத்தால் குறியெண். 300 விநாடியும் ஏறி முடித்து, மூன்று எண்ணிக்கையும் சேர்ந்து 200 என்றால் குறியெண் 75. 80க்கு மேல் நன்று, 55க்குக் கீழே மோசம்.

நம்மூரில் இதை உச்சம் தொடாத சோதனை என்று சொல்லிக்கொடுப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மேலே சொன்ன சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: இந்தப் பெஞ்சில் இந்த வேகத்தில் ஏற கிலோவுக்கு 46 மி.லி. ஆக்சிஜன் வேண்டும். நன்றாக ஓடிப் பழகிய இளைஞனின் உச்சமே அந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். போருக்கு ஆள் பொறுக்க வந்த சோதனை அது. ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்காமல் இறங்கிவிடுபவர்களைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு அந்தப் பெஞ்சு முழங்கால் அளவை எட்டும். இந்தியாவில் பெஞ்சைத் தாழ்த்திப் பல மாற்றுருவங்கள் புழங்குகின்றன. தாழ்த்தியபின் பழைய குறியெண் அட்டவணையை அப்படியே வைத்துக்கொள்வது அதைவிடக் கோளாறு.

இதைவிட இணக்கமானது குவீன்ஸ் கல்லூரிப் படிச் சோதனை. நியூயார்க்கில் மெக்ஆர்டில் குழுவினர் 1972இல் வெளியிட்டது. கல்லூரி அரங்கத்தின் பார்வையாளர் படிக்கட்டு அளவு 41.3 செ.மீ. ஆண்கள் நிமிடத்துக்கு 24 ஏற்றம், பெண்கள் 22, மூன்று நிமிடம். முடித்த ஐந்தாவது விநாடியிலிருந்து பதினைந்து விநாடி நாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஆண்களுக்கு 111.33இலிருந்து நாடியின் 0.42 மடங்கைக் கழித்தால் விடை. பெண்களுக்கு 65.81இலிருந்து 0.1847 மடங்கு. இந்தச் சோதனையைத்தான் கொல்கத்தாவில் சட்டர்ஜி, முகர்ஜி, பந்தோபாத்யாய் உள்ளிட்டோர் பல்கலைக்கழக மாணவர்களிடம் நேரடி அளவோடு ஒப்பிட்டு 2004இல் எழுதினார்கள். ஆண்களிடம் அமெரிக்கச் சமன்பாடு நன்றாகவே பொருந்தியது. மறு ஆண்டு மாணவிகளிடம் செய்தபோது பொருந்தவில்லை. அவர்களுக்கென்று புதிய சமன்பாடு போட வேண்டியிருந்தது. உச்சம் தொடாத சோதனைகள் பற்றி இந்தியாவில் வந்தவற்றில் இந்த இரண்டையும் நான் அடிக்கடி நினைப்பேன். ஒரே ஊர், ஒரே படி, ஒரே ஆய்வுக்கூடம். ஆணிலிருந்து பெண்ணுக்குப் போனதும் கோடு நகர்ந்துவிட்டது. கொல்கத்தா மாணவியிலிருந்து கூரத்து நடவுப் பெண்ணுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?

இப்போது திண்ணையோரம் ஒருவரைப் படியேற வைப்பதாகக் கற்பனை செய்யுங்கள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது மிதிபடும். செருப்பைக் கழற்றியாக வேண்டும். தாளம் தட்டுவதற்குக் கருவி வேண்டும். பெண்களுக்கு நிமிடத்துக்கு 88 தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால். 'ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு' என்று வாயால் சொன்னால் சொல்பவரே அரை நிமிடத்தில் வேகம் பிடித்துவிடுவார். முடிந்ததும் மணிக்கட்டில் நாடி பிடிக்க வேண்டும், வளையல் இடிக்கும். பதினைந்து விநாடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் நிமிடத்துக்கு நான்கு குறையும். ஆணுடைய சமன்பாட்டில் அது 1.7 மி.லி. பிழை. பத்து விநாடி தாமதமாக எண்ணத் தொடங்கினால் நாடி அதற்குள் இறங்கத் தொடங்கியிருக்கும், ஆள் உண்மையைவிடத் திடகாத்திரமானவராகத் தெரிவார். இதற்கெல்லாம் மேலே முழங்கால். குத்துக்காலிட்டு வேலை செய்தே தேய்ந்த மூட்டோடு 41 செ.மீ. படியில் ஏறச் சொன்னால், இதயம் சோர்வதற்கு முன் மூட்டு சோதனையை நிறுத்திவிடும்.

தாழ்ந்த படி வேண்டும் என்றால் ஒய்எம்சிஏ சோதனை இருக்கிறது. 30.5 செ.மீ. படி, நிமிடத்துக்கு 24 ஏற்றம், மூன்று நிமிடம். முடிந்ததும் உட்கார்ந்து ஒரு முழு நிமிடம் நாடி எண்ண வேண்டும். அமெரிக்க ஒய்எம்சிஏ கொண்டுவந்த சோதனை இது. அதே இயக்கத்தின் பெயரில்தான் 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது, அது ஆக்சிஜனைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது. நாடி எவ்வளவு என்று மட்டும் சொல்லி, அந்த வயதுக்காரர்களில் எங்கே நிற்கிறார் என்று காட்டும். ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவதால் ஓரிரு துடிப்பு தவறினாலும் பெரிதாகக் கெடாது.

சைக்கிள் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டாக்ஹோமில் பெர்-ஓலோஃப் ஆஸ்ட்ராண்டும் இர்மா ரீமிங்கும் 1954இல் வெளியிட்ட வரைகட்டம் இத்துறையின் செவ்வியல் படைப்பு. ஆறு நிமிடம் மிதிக்கவைத்து, நாடி 125க்கும் 170க்கும் நடுவே நிலைத்தால் விடை. பிறகு மணமாகி இர்மா ஆஸ்ட்ராண்ட் ஆன அதே அறிஞர்தான் 1960இல் அதற்கு வயதுத் திருத்தமும் சேர்த்தார். அளவின் துல்லியத்தில் படிச் சோதனைகளைவிட இது மேல், ஏனென்றால் செய்யும் வேலையைக் கருவியே அளந்து சொல்லும். ஆனால் சைக்கிள் ஓட்டியே அறியாத பெண்களுக்குத் தொடை முதலில் கனக்கும், நாடி அதன் பிறகே ஏறும். கருவியின் விலையையும் கூட்டிப் பார்த்தால் கூரத்துக்கு அது சரிப்படாது.

நடைச் சோதனைகள்தான் இயல்பாகப் பொருந்துபவை என்று தோன்றும். 1987இல் கிளைன் குழுவினர் வெளியிட்ட ராக்போர்ட் சோதனையில் ஒரு மைல், அதாவது 1609 மீட்டர், முடிந்த அளவு வேகமாக நடக்க வேண்டும். வயது, எடை, நேரம், கடைசி நாடி எல்லாவற்றையும் சமன்பாட்டில் இட வேண்டும். 40 வயது, 60 கிலோ எடையுள்ள ஆண் 15 நிமிடத்தில் நடந்து முடித்து நாடி 120 என்றால் விடை 45.7 மி.லி. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதையைக் குறித்தது. அப்படி ஒரு பாதையில் ஒரு மைலுக்கு இரண்டு கல் நட்டுவிட்டால் இந்தச் சோதனைக்கு வேறெதுவும் வேண்டாம். கிராமத்தில் ஏரிக்கரையே போதும்.

ஆறு நிமிட நடை இன்னும் எளிது. 30 மீட்டர் தளத்தில் இங்கும் அங்கும் நடந்து ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்று பார்ப்பது. நுரையீரல், இதய நோயாளிகளுக்கென்று வந்தது. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002இல் இதற்கு விதிமுறை வகுத்தது. நிமிடத்துக்கு ஒருமுறை என்ன சொல்லி ஊக்க வேண்டும் என்பது வரை அதில் எழுதியிருக்கிறது. அது அதிகாரத்தனம் போலத் தோன்றலாம். ஆனால் 1984இல் கயாட் குழுவினர் ஊக்குவித்தும் ஊக்குவிக்காமலும் நடக்கவிட்டுப் பார்த்தபோது ஏறத்தாழ 30 மீட்டர் வேறுபாடு வந்தது. தெருவே கூடி நின்று 'இன்னும் வேகமா நட அக்கா' என்று கத்தும் ஊரில் இதை மறக்கக் கூடாது. இன்னொன்று உயரம். என்ரைட்டும் ஷெரிலும் 1998இல் அமெரிக்கர்களை வைத்துப் போட்ட சமன்பாட்டின்படி 50 வயது, 60 கிலோ, 165 செ.மீ. உயர ஆண் 583 மீட்டர் நடக்க வேண்டும். அவர் தம்பி அதே வயதை எட்டும்போது அதே எடையில் 155 செ.மீ. உயரம் என்றால் 508 போதும். பத்து செ.மீ. உயரத்துக்கு 75 மீட்டர். இந்தியர்களிடம் நடந்த ஆய்வுகள் பலவற்றில் இந்த மேலைச் சமன்பாடுகள் எதிர்பார்க்கும் தூரத்தை ஆரோக்கியமானவர்களே நடக்கவில்லை. தவிர, திடமான ஆளுக்கு இது போதாத சோதனை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு வேகமாக நடந்தாலும் ஓடாமல் ஒரு வரம்பைத் தாண்ட முடியாது. நாள் முழுக்க வரப்பில் நடப்பவர்கள் எல்லோரும் அந்த வரம்பில் முட்டி ஒரே எண்ணில் குவிந்துவிடுவார்கள்.

இதுவரை வெயிலைத் தள்ளிவைத்துப் பேசினேன். காஞ்சிபுரம் மாவட்டத்துச் சித்திரையில் அதைத் தள்ளிவைக்க முடியாது. வெக்கையில் இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திரும்பும், வியர்வையில் நீர் குறையும், அதே வேலைக்கு நாடி கூடுதலாக அடிக்கும். நாடியை மட்டும் பார்க்கும் சமன்பாட்டுக்கு அது வெயில் என்று தெரியாது. ஆள் பலவீனம் என்று எழுதிவிடும். இந்த இடத்தில்தான் சோதனைகளை ஒப்பிடுவது உண்மையில் பயன் தருகிறது. வெயிலால் நாடி பத்துத் துடிப்பு கூடியதாகக் கொள்வோம். குவீன்ஸ் கல்லூரியின் ஆண்கள் சமன்பாட்டில் விடை 4.2 மி.லி. சரியும். பெண்கள் சமன்பாட்டில் 1.8. ராக்போர்ட் நடையில் 1.6 தான், ஏனென்றால் அங்கே நேரமும் வயதும் எடையும் சுமையில் பங்கெடுத்துக்கொள்கின்றன. ஆறு நிமிட நடையின் கணக்கில் நாடியே இல்லை. வெயிலில் நடை தளரும் என்பது வேறு. ஆய்வகத்தில் குவீன்ஸ் சோதனை முன்னே நின்றாலும் ஏரிக்கரையில் வரிசை மாறிவிடுகிறது.

சென்னை ஸ்ரீராமச்சந்திராவில் வித்யா வேணுகோபால் குழுவினர் உப்பளங்களிலும் சூளைகளிலும் வயல்களிலும் வெப்ப அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வருகிறார்கள். வெப்பம் நம் தொழிலாளர்களின் உடலில் எவ்வளவு ஏறுகிறது என்பதை அவர்கள் ஆய்வுகளைப் படித்தவர்கள், நண்பகலில் எடுத்த எந்த நாடிச் சோதனையையும் நம்பமாட்டார்கள்.

மருந்தும் இரத்தமும் அடுத்தவை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்த மாத்திரை அட்டெனலால் வகையாக இருந்தால் நாடி அடங்கிவிடும். படிச் சோதனையில் அறுபது வயதுக்காரர் ஓட்டப்பந்தய வீரரைப்போலத் தெரிவார். நாடியை நம்பும் அத்தனை சமன்பாடுகளும் அங்கே கைவிரிக்கும். தூரத்தை அளக்கும் ஆறு நிமிட நடையே அவருக்கு வழி. இரத்தசோகை எதிர்த்திசையில் தள்ளும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைந்தால் ஒரு துடிப்பு ஏந்திச் செல்லும் ஆக்சிஜன் குறையும், நாடி கூடும், விடை இறங்கும். இதைச் சோதனையின் பிழை என்று சொல்ல முடியாது. அவருடைய உச்ச ஆக்சிஜன் அளவு உண்மையிலேயே குறைந்துதான் இருக்கிறது. ஆனால் 'நடைப்பயிற்சி செய்யுங்கள்' என்று சொல்லி அனுப்பினால் தவறு. அவருக்கு வேண்டியது இரும்புச்சத்து மாத்திரை.

சமன்பாடுகளின் அடியில் இன்னொரு எண்ணும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஓய்வில் இருக்கும் உடல் கிலோவுக்கு 3.5 மி.லி. ஆக்சிஜன் எடுக்கிறது என்பது. 70 கிலோ எடையுள்ள 40 வயது ஆண் ஒருவரிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அளவு அது. 2005இல் பைர்ன் குழுவினர் எழுநூற்றுக்கும் மேற்பட்டோரிடம் அளந்தபோது சராசரி 2.6 அளவில்தான் இருந்தது. சென்னைக்கு இது பழைய செய்தி. மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன், பாஸ்டனின் பிரான்சிஸ் பெனடிக்டுடன் சேர்ந்து 1930களின் தொடக்கத்திலேயே தென்னிந்தியப் பெண்களின் ஓய்வுநிலை ஆக்சிஜன் செலவை அளந்து, அமெரிக்க அளவுகோலைவிடத் தெளிவாகக் குறைவு என்று எழுதினார். பிழையின் பருமன் இங்கே ஒரு மி.லி.க்கும் குறைவுதான், இதைப் பெரிதுபடுத்த மாட்டேன். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் பாடநூல்கள் அதைப் படிக்காமலே இருந்ததுதான் உறுத்துகிறது.

மேலே சொன்ன எண்கள் எல்லாம் கிலோவுக்கு என்று வந்ததைக் கவனித்திருப்பீர்கள். இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. 45 கிலோ எடையுள்ள விவசாயக் கூலியாளின் விடை 40 மி.லி. என்றால் பார்க்க நன்றாக இருக்கும். 75 கிலோ எடையுள்ள அலுவலகக்காரருக்கு 32 என்றால் மோசம் என்போம். மொத்தமாகப் பார்த்தால் முன்னவரிடம் நிமிடத்துக்கு 1.8 லிட்டர், பின்னவரிடம் 2.4 லிட்டர். தன் உடலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கிலோக் கணக்கு சரி. நெல் மூட்டையின் எடை தூக்குபவரைப் பார்த்துக் குறையாது. அதற்கு லிட்டர் கணக்குதான் பொருந்தும். 1979இல் சாஹா, தத்தா உள்ளிட்டோர் இந்தியத் தொழிலாளர்களுக்கு நாள் முழுக்கத் தாங்கக்கூடிய வேலையளவு உச்சத்தில் 35 விழுக்காடு, நாடி 110, நிமிடத்துக்கு 18 கிலோஜூல் என்று வகுத்தார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 20 கிலோஜூல் என்று திருப்பிக் கணக்கிட்டால், 18 என்பது 2.6 லிட்டர் உச்சமுள்ள ஆணுக்கு உரியது. 45 கிலோ எடையில் 32 மி.லி. உள்ள பெண்ணின் உச்சம் 1.4 லிட்டர், அவருடைய 35 விழுக்காடு பத்து கிலோஜூல்தான். ஒரே வயலில் ஒரே வேலைக்கு இவ்விருவரும் நிற்கும்போது ஒருவர் தன் வரம்புக்குள் இருப்பார், மற்றவர் வரம்பைத் தாண்டி வெகுதூரம் போயிருப்பார். சோதனையின் பயன் எங்கே என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கைக்கடிகாரங்களைப் பற்றியும் கேட்பார்கள். ஓடும் வேகத்தையும் நாடியையும் வைத்து விஓ2 மேக்ஸ் காட்டும் கடிகாரம் செய்வதும் உச்சம் தொடாத சோதனையே. அதே உச்ச நாடி ஊகம், அதே வெயில். தசமப் புள்ளி வரை காட்டுவதால் மட்டும் நம்பிக்கை கூடுகிறது.

ஆகவே கூரத்துக்கு என் தேர்வு இப்படி. மூட்டு நன்றாக இருப்பவர்களுக்கு 20 செ.மீ. படி, நிமிடத்துக்கு 20 ஏற்றம், மூன்று நிமிடம்; முடிந்ததும் உட்காரவைத்து ஒரு முழு நிமிடம் நாடி. செஸ்டர் சோதனையின் இரண்டாம் கட்டத்து வேகமும் ஒய்எம்சிஏ எண்ணும் முறையும் சேர்ந்த கலவை இது; கணக்குப்படி 17 மி.லி. வேலைதான், ஐம்பது வயதுக்காரரையும் உச்சத்துக்குத் தள்ளாது. ஏறும்போது பக்கத்து வீட்டுக்காரரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று கவனித்தால் போதும். பேச்சு அறுந்தால் நிறுத்திவிட வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கும் அட்டெனலால் சாப்பிடுபவருக்கும் ஆறு நிமிட நடை. வீட்டை விட்டு வர இயலாத முதியவருக்கு, ரிக்லியும் ஜோன்ஸும் 1999இல் வகுத்த இரண்டு நிமிட முழங்கால் தூக்கல், நின்ற இடத்திலேயே. எல்லாம் காலை ஏழு மணிக்குள், சாப்பிடுவதற்கு முன், காப்பிக்கும் முன்.

எழுதி வைக்க வேண்டியது நாடியை, அல்லது தூரத்தை. அதை ஆக்சிஜனாக மாற்றி எழுத வேண்டாம். மாற்றும் இடத்தில்தான் ஊகங்கள் அத்தனையும் நுழைகின்றன. அளந்த நாடியில் அவை இல்லை. ஒருவருடைய உச்ச நாடி சூத்திரத்திலிருந்து எவ்வளவு விலகியிருந்தாலும், ஏறும் நடை எவ்வளவு தனியாக இருந்தாலும், ஆறு மாதத்தில் அவை பெரிதாக மாறப்போவதில்லை. அதே ஆள், அதே படி, அதே தாளம் என்று வைத்தால் அந்தப் பிழைகள் இரண்டு முறையும் ஒன்றுபோலவே இருந்து கழிந்துவிடும். மாசியில் 126 ஆக இருந்த நாடி ஆவணியில் 114 ஆனால் ஏதோ மாறியிருக்கிறது என்பது உறுதி. நடைப்பயிற்சி பலித்திருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்திருக்கலாம். அன்று காலை மழை பெய்து குளிர்ந்திருக்கலாம். நடுவே மருத்துவர் மாத்திரையை மாற்றி அட்டெனலால் கொடுத்திருக்கவும் கூடும். எனவே எழுதி வைக்கும் அட்டையில் நாடிக்கு ஒரு கட்டம் போதாது. படியின் உயரத்துக்கும், அன்றைய வெப்பநிலைக்கும், ஹீமோகுளோபினுக்கும், சாப்பிடும் மருந்தின் பெயருக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். பக்கத்திலேயே எடை. லிட்டர் கணக்கு கேட்டு யாராவது வந்தால் அதிலிருந்து போட்டுக்கொள்ளட்டும்.